பருந்துக்குப் பல்வலி

கிரேன் கோபுரத்தின் உயரம் ஐம்பத்தைந்து மீட்டர். உள்ளே ஏணி செங்குத்தாகப் போகும். ஆறு மீட்டருக்கு ஒரு தட்டு, களைத்தவர்கள் நின்று மூச்சு வாங்க. பருந்து என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த ஆபரேட்டர், பதினெட்டு வருடத்தில் எந்தத் தட்டிலும் நின்றதில்லை. காலை ஏழு மணிக்கு முன்னால் முதல் படியில் கால் வைத்தால், பத்தாவது நிமிடம் உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். வாக்கி டாக்கியில் அவர் குரல் வரும்.

"வந்துட்டேன் மாப்ள. ஊர் எழுந்துடுச்சான்னு சொல்லு."

கீழே நின்று அந்தக் குரலுக்குப் பதில் சொல்பவன் அவர் மனைவியின் தம்பி. வேலையிடத்தில் அவனைச் சிக்னல்காரன் என்பார்கள். கூண்டிலிருந்து பார்த்தால் கட்டடத்தின் பாதி தெரியாது. எந்தச் சுமையைத் தூக்குவது, எங்கே திருப்புவது, எத்தனை விரல்கடை இறக்குவது என்று அவன் சொல்லச் சொல்ல, அவர் கை நெம்புகோலை அசைக்கும். ஆறு வருடமாக அவன்தான் அவருக்குக் கண். அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு: அக்கா கழுத்தில் தாலி கட்டியதைவிடத் தம்பி காதில் வாக்கியைக் கட்டியதுதான் பெரிய உறவு என்று. அக்கா முன்னால் மட்டும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை, பருந்து மூன்றாவது தட்டில் நின்றார்.

சிக்னல்காரன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்தபடி அவர் நின்றார். அரை நிமிடம் போனது. ஒரு நிமிடம் போனது.

"என்ன மச்சான், என்ன ஆச்சு?"

"கையுறை கழண்டுடுச்சு மாப்ள. போட்டுட்டு வரேன்."

அவர் இரண்டு கையிலும் கையுறை இருந்தது கீழேயிருந்தே தெரிந்தது.  மறுநாளும் நின்றார், ஷூ கயிறு என்றார். அதற்கு அடுத்த நாள் அவன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்றாவது தட்டில் ஒரு தடவை, ஆறாவது தட்டில் ஒரு தடவை என்று நின்று போவது வழக்கமாகிவிட்டது. கீழே கம்பி கட்டுகிறவர்கள் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனித்தவன் ஒருவன்தான், அவனுக்கு ஏன் என்று தெரிந்தே இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று ஒரு டாக்டரம்மா கண்டுபிடித்தார். அன்று கூடப் போயிருந்தவன் சிக்னல்காரன். டாக்டரம்மா விரல் விட்டு எண்ணி எண்ணிச் சொன்னார்: உப்பு பாதியாகணும், சிகரெட்டை அடியோடு விடணும், தினமும் அரை மணி நேரம் நடக்கணும், ஏழு மணி நேரம் தூங்கணும், மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது.

"நடக்கிறதா? நான் தினமும் ஐம்பத்தஞ்சு மீட்டர் ஏறுறவன் டாக்டர்."

"பத்து நிமிஷம் ஏறுறீங்க. அப்புறம் பத்து மணி நேரம் ஆடாம அசையாம உட்கார்ந்திருக்கீங்க. உங்க இதயத்துக்கு அந்தப் பத்து மணி நேரம்தான் தெரியும்."

பருந்து சிரித்தார். வெளியே வந்து, வாசலைத் தாண்டியதும் ஒரு சிகரெட் பற்றவைத்தார். "கடைசி" என்றார். கூண்டுக்குள் அவரோடு யாரும் கிடையாது. பத்து மணி நேரம், ஒரு நாற்காலி, இரண்டு நெம்புகோல். அங்கே கடைசி சிகரெட் என்று ஒன்று எப்படி இருக்கும்? அக்கா வீட்டில் உப்பைக் குறைத்தாள். அவர் சாப்பாட்டுப் பையின் ஓரத்தில் ஒரு சின்னப் பொட்டலம் உப்பைச் செருகிக்கொண்டு மேலே போனார்.

இவையெல்லாம் கூடப் பரவாயில்லை. சிக்கல் மாத்திரையில் இருந்தது. டாக்டரம்மா கொடுத்த மாத்திரைகளில் ஒன்று நீரைப் பிரிக்கிற வகை. போட்ட ஒரு மணி நேரத்தில் ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வரும். கூண்டில் கழிப்பறை கிடையாது. இறங்கி ஏற அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் கீழே நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், என்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஒரு தடவை அப்படி இறங்கி வந்தபோது என்ஜினியர் எதுவும் திட்டவில்லை. "என்னண்ணே, உடம்புக்கு முடியலையா? வேற ஆள் வேணும்னா பாக்கலாம்" என்று தன்மையாகத்தான் கேட்டார். அன்றிலிருந்து பருந்து வேலை நாளில் அந்த மாத்திரையை விழுங்கவில்லை. தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை. காலையில் எடுத்துப்போன பாட்டில் சாயந்திரம் பாதியாகத் திரும்பும். மாத்திரை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று ஆனது. "நம்ம மாத்திரைக்கும் வாரத்துல ஒரு நாள்தான் வேலை மாப்ள, நமக்குத்தான் ஆறு நாள்" என்று அவனிடம் சொல்லிச் சிரித்தார்.

நாலு மாதம் முன்பு கம்பெனியின் வருடாந்திர உடல் சோதனை வந்தது. அதற்குப் பத்து நாள் இருக்கும்போதே பருந்து லீவு போட்டார். பத்து நாளும் மாத்திரை, தூக்கம், உப்பில்லாச் சாப்பாடு, காலை நடை. புகை கிடையாது. சோதனையன்று அளவு பார்த்த பையன் முகத்தில் சந்தோஷம்: நூற்று முப்பதுக்கு எண்பது. காகிதத்தில் முத்திரை விழுந்தது. வெளியே வந்த பருந்து மைத்துனனைப் பார்த்துக் கண்ணடித்தார். அவனும் சிரித்துவிட்டான். பத்தே நாளில் ஒரு உடம்பு இவ்வளவு நல்லபடி ஆகிறதென்றால், பதினோராவது நாளும் அப்படியே இருந்தால் என்ன என்று அப்போது அவனுக்குத் தோன்றவே இல்லை. பதினோராவது நாள் பருந்து மேலே ஏறினார், கூண்டின் கண்ணாடியில் புகை படிந்தது.

பிறகு பல்வலி வந்தது.

இடது கீழ்த்தாடையில் வலி என்றார். ஏணியில் ஏறும்போது ஆரம்பிக்கும், மேலே போய் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் அடங்கும். அந்தப் பக்கம் ஏற்கெனவே அடைத்து வைத்த பழைய பல் ஒன்று இருந்தது. பல் டாக்டர் தட்டிப் பார்த்தார், படம் எடுத்தார். "இது இவ்ளோ வலிக்க வேண்டிய பல் இல்லையே" என்றார். பருந்து விடவில்லை, எடுத்துவிடுங்கள் என்று உட்கார்ந்துகொண்டார். பல் போனது. ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. மறுநாள் காலையில் இரண்டாவது தட்டிலேயே அதே தாடையில் அதே வலி வந்தது. இந்தத் தடவை பல் இல்லாத இடத்தில்.

"தப்பான பல்ல பிடுங்கிட்டாரு போல மாப்ள" என்று வாக்கியில் சொன்னார். மூச்சு இரைத்தது. "வர்ற வாரம் பக்கத்துப் பல்லையும் பிடுங்கிட்டா சரியாயிடும்."

சிக்னல்காரன் அந்த நகைச்சுவைக்குச் சிரிக்கவில்லை.  

அக்கா பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவனை அங்கே வரச்சொன்னாள். முப்பது தையல் இயந்திரமும் ஒரே நேரத்தில் நின்றிருந்ததால் கூடம் விசித்திரமாக அமைதியாக இருந்தது. அவள் தைத்து முடித்த நீலச் சட்டைகள் பக்கத்தில் அடுக்கிக் கிடந்தன. கைக்குட்டை ஒன்றை விரித்துக் காட்டினாள். உள்ளே ஒன்பது வெள்ளை மாத்திரை. சில துவைத்ததில் கரைந்து மாவாகியிருந்தன.

"அவரோட பேன்ட் பாக்கெட்டுல இருந்துச்சு. தினமும் என் முன்னாடிதான் வாய்ல போடுறாரு. தண்ணியும் குடிக்கிறாரு. அப்புறம் எப்படி இது பாக்கெட்டுக்கு வந்துச்சு?"

அவன் சட்டைகளைப் பார்த்தான்.

"டாக்டரம்மாகிட்ட நான் தனியாப் போனேன். பல்லு பிடுங்கினதையும் சொன்னேன். ஏறும்போது வருதா, உட்கார்ந்தா போகுதான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அந்தம்மா பேனாவக் கீழ வெச்சிட்டாங்க. அது பல்லு இல்ல, இன்னைக்கே கூட்டிட்டு வாங்கன்னு சொன்னாங்க. அது நேத்து. இவரு வரமாட்டேங்கிறாரு."

"என்ன சொல்றாரு?"

"வியாழக்கிழமை பெரிய தூக்கல் இருக்காம். அது முடியட்டும், வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு வரேங்கிறாரு. நீ ஆபீஸ்ல போய் சொல்லு. அவர ஏற விடாதீங்கன்னு சொல்லு."

வியாழக்கிழமை மொட்டைமாடித் தளத்துக்கான கம்பிக் கட்டுகள் மேலே போக வேண்டும். நாற்பது கட்டு. அது அவனுக்கும் தெரியும். அவன் சொன்னான்: "சொன்னா நாளைக்கே இறக்கிடுவாங்க அக்கா. அப்புறம் ஏறவே விடமாட்டாங்க."

"இறக்கட்டும்."

"மச்சான் கீழ நின்னு என்ன பண்ணுவாரு? மண்ணு தள்ளுவாரா? அவருக்கு அது சாவு மாதிரிக்கா."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவனுக்கே உறைத்தது. அக்கா கைக்குட்டையை நாலாக மடித்தாள்.

"உனக்கு இந்த மாத்திரை விஷயம் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? அவரு மேல இருக்காரு, நான் கீழ இருக்கேன்."

அவள் அவனையே பார்த்தாள். சின்ன வயதில் அவன் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். ஆனால் மணி அடித்துவிட்டது, இயந்திரங்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற ஆரம்பித்தன. சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னாள்: "வியாழக்கிழமை வரைக்கும் ரெண்டு நாள். உன்ன நம்பித்தான் விடுறேன்."

புதன்கிழமை அவன் பாதுகாப்பு அதிகாரியின் அறைவரை போனான். அது ஒரு தகரக் கொட்டகை. கதவு திறந்திருந்தது, அந்த அம்மாள் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்து, ஒரு நிமிடம் என்று விரல் காட்டினார். அவன் அந்த ஒரு நிமிடம் நின்றான். சுவரில் தலைக்கவசங்கள் வரிசையாகத் தொங்கின. இரண்டாவது நிமிடம் யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலிருந்தது. திரும்பி நடந்துவிட்டான். உண்மையில் யாரும் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை பருந்து நாலு தட்டில் நின்றார். ஏற இருபத்தைந்து நிமிடம் ஆனது. மேலே போனதும் வாக்கியில் ஊரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"தூக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

முதல் ஒன்பது கட்டுகள் தடங்கல் இல்லாமல் போயின. அவர் கை அப்படிப்பட்டது. ஒரு டன் இரும்பைப் பூனை தன் குட்டியை வைப்பது போல வைப்பார். பத்தேகால் மணிக்குப் பத்தாவது கட்டு எழும்பியது. பன்னிரண்டு மீட்டர் நீளக் கம்பிகள், இரண்டு இடத்தில் சங்கிலி. எட்டாவது மாடியின் வெளிப்புறச் சாரத்தில் பூச்சு வேலைக்காரர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். கட்டு அவர்களை எட்டும் முன்னாலேயே நின்று, நேராக மேலே ஏறி, தளத்துக்குத் திரும்ப வேண்டும்.

"வலது பக்கம் திருப்புங்க மச்சான். மெதுவா. இன்னும். இன்னும் கொஞ்சம். நிறுத்துங்க."

கட்டு நிற்கவில்லை.

"நிறுத்துங்க மச்சான்."

வாக்கியில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது போல ஒரு சத்தம் வந்தது. கிரேனின் நீண்ட கை அதே வேகத்தில் திரும்பிக்கொண்டே இருந்தது. அதன் நிழல் சாரத்தின் மேல் ஏறி, பூச்சுக்காரர்களின் முதுகின் மேல் ஊர்ந்தது. அவர்களில் ஒருவர் என்ன இது திடீரென்று இருட்டுகிறதே என்பது போலத் திரும்பிப் பார்த்தார்.

சிக்னல்காரன் விசிலை வாயில் வைத்து ஊதினான். நிறுத்தாமல் ஊதினான். "சாரத்த விட்டு உள்ள போங்க, உள்ள போங்க" என்று கையை வீசிக்கொண்டே ஓடினான். நாலு பேர் ஜன்னல் திறப்பு வழியாக உள்ளே விழுந்தார்கள். ஐந்தாமவர், வயதில் பெரியவர், எந்தப் பக்கம் என்று புரியாமல் சாரப் பலகையில் தடுமாறி, கீழ் அடுக்குக்குக் குதித்தார். அதே நொடி மேலே நெம்புகோலிலிருந்து அவர் கை நழுவியிருக்க வேண்டும். பிடி விட்டால் தானே நிற்கிற கிரேன் நின்றது. கிரேனின் கை நின்றாலும் கட்டு நிற்காதே. அது வீசிய வேகத்தில் முன்னால் போய், சாரத்தின் மேல் கம்பியை இடித்து, பின்னால் வந்து, மறுபடி போய், ஆடி ஆடி அந்தரத்தில் அடங்கியது. பலகை ஒன்று பிளந்து தரையில் விழுந்தது. 

"மச்சான்."

வெறும் இரைச்சல்.

"மச்சான், கேக்குதா?"

"மாப்ள." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஆளுங்க... எல்லாம் இருக்காங்களா?"

"இருக்காங்க. ஒண்ணுமில்ல. நீங்க எதையும் தொடாதீங்க. நான் வரேன்."

அவன் அதற்கு முன் அந்த ஏணியில் மூன்று தடவைதான் ஏறியிருக்கிறான். அன்று எப்படி ஏறினான் என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. கூண்டின் கதவைத் திறந்தபோது சிகரெட் நாற்றமும் வியர்வை நாற்றமும் முகத்தில் அடித்தன. பருந்து நாற்காலியில் சரிந்திருந்தார். முகம் சிமென்ட் நிறம். சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இடது கையை வலது கையால் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். காலடியில் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்.

"யானை ஒண்ணு உட்கார்ந்திருக்கு மாப்ள" என்றார். "எழுந்திருக்கச் சொல்லு."

தீயணைப்புக்காரர்கள் வந்து, கயிறும் தூக்குப்படுக்கையும் மேலே கொண்டுவந்து, அவரைக் கட்டி இறக்க ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. தரையில் இருக்கும்போது வலி வந்திருந்தால் பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸில் இருந்திருப்பார். அந்த ஒரு மணி ஐம்பது நிமிடமும் சிக்னல்காரன் கூண்டின் தரையில் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்திருந்தான். கண்ணாடிக்கு வெளியே கம்பிக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஊரே அண்ணாந்து பார்த்தது. நடுவில் ஒரு தடவை பருந்து கண்ணைத் திறந்து, "உங்க அக்காகிட்ட பல்லுன்னே சொல்லு" என்றார்.

அவன் சொல்லவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அக்கா அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எவ்ளோ நாளாத் தெரியும்?"

"மாத்திரை போடாதது ரெண்டு வருஷமா. ஏணியில நிக்கிறது ஒரு மாசமா."

அவள் தலையாட்டினாள். கடைக்காரர் விலை சொன்னால் கேட்டுக்கொள்வது போல. பிறகு அவனை விட்டு இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

இதயத்தில் அடைபட்ட ரத்தக் குழாயைத் திறந்து உள்ளே சின்னக் கம்பி வலை வைத்தார்கள். உயிர் தங்கியது. ஆனால் நேரம் போய்விட்டதென்று இதய டாக்டர் சொன்னார்: தசையில் ஒரு பெரிய பகுதி செத்துவிட்டது, அது திரும்ப வளராது, மிச்சம் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். சாரத்திலிருந்து குதித்த பூச்சுக்காரருக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. வலது மணிக்கட்டு. பூச்சுப்பலகை பிடிக்கிற கை.

திங்கட்கிழமை காலை சிக்னல்காரன் பாதுகாப்பு அதிகாரியின் கொட்டகைக்குப் போனான். இந்தத் தடவை அந்த அம்மாள் போனில் இல்லை. அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்: ஞாயிற்றுக்கிழமை மாத்திரை, பத்து நாள் லீவு, கண்ணடித்தது, தட்டுகள், பல், புதன்கிழமை வாசல்வரை வந்து திரும்பியது. அவர் எழுதிக்கொண்டே வந்தவர், கடைசியில் நிமிர்ந்தார்.

"அன்னைக்கு நான் ஒரு நிமிஷம்னு சொன்னேன்ல."

"ஆமா மேடம்."

"அந்த போன் ஒண்ணும் முக்கியமில்ல" என்றார். பிறகு எழுத ஒன்றும் இல்லாதது போல் பேனாவை மூடினார்.

வாக்கியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். அவன் எதிர்க்கவில்லை. கிரேனுக்குப் புதிய ஆபரேட்டர் வந்தார். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் அவர் கட்டாயம் இறங்க வேண்டும், அரை மணி நேரம் வேலை நிற்கும் என்று ஒரு காகிதம் கோபுரத்தின் அடியில் ஒட்டப்பட்டது. என்ஜினியர் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தக் காகிதம் ஒட்ட ஆன நேரம் ஐந்து நிமிடம் இருக்கும்.

அக்கா ஏழு வாரம் அவனோடு பேசவில்லை. எட்டாவது வாரம் போன் செய்தாள். "ஞாயிற்றுக்கிழமை மதியம் வா. சாப்பிட்டுட்டுப் போ." குரலில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை.

போனான். மூன்று பேரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். உப்பு மிகக் குறைவு, எண்ணெய் அதைவிடக் குறைவு. பருந்து இளைத்திருந்தார், சட்டை அவர் மேல் மாட்டி வைத்தது போல் இருந்தது. காலையில் தெருக்கோடி வரை நடந்ததாகச் சொன்னார். "போன வாரம் பால் கடை வரைக்கும்தான். இப்ப கோடி வரைக்கும். அடுத்த வருஷம் வெளிநாடு" என்றார். அக்கா சிரிக்கவில்லை, அவர் தட்டின் பக்கத்தில் மாத்திரைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக அவர் விழுங்கும்வரை தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். அவர் குழந்தை போலக் காட்டினார்.

சாப்பிட்டதும் அவர் பக்கத்து அறையில் போய்ப் படுத்தார். அக்கா பாத்திரம் கழுவ, அவன் துடைத்து அடுக்கினான். பூச்சுக்காரர் கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கட்டுப் பிரித்தாயிற்று, விரல்களை இன்னும் மடக்க வரவில்லை என்றான். நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்றாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

அவள் ஈரக் கையை உயர்த்தினாள். குழாயை மூடினாள்.

உள்ளேயிருந்து பருந்தின் மூச்சு கேட்டது. இழுத்து, விட்டு, ஒரு இடத்தில் நின்றது. தட்டு அவன் கையிலேயே இருந்தது. அக்கா கதவையே பார்த்தாள், உதடு அசைந்தது, எண்ணுகிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. எட்டுவரை எண்ணியிருப்பாள். பிறகு உள்ளே மூச்சு மறுபடி இழுத்தது.

அவள் குழாயைத் திறந்தாள்.

"சொல்லு" என்றாள். "என்னமோ சொல்ல வந்தியே."

அவனுக்கு என்ன சொல்ல வந்தோம் என்பது மறந்துவிட்டது.